பேலியோவில் காபியும் சாக்லேட்டும்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்?

மாவுச்சத்தை (சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்டை) குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறைக்கு, அதாவது தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் வீடுவீடாகப் பரவிய அந்த முறைக்கு வருகிறவர்கள், சோற்றையும் இட்லியையும் விடுவதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் தடுமாறுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, விடிந்ததும் கை தேடுகிற காபி. மற்றொன்று, சாப்பாடு முடிந்த அரைமணி நேரத்தில் வாய் தேடுகிற சாக்லேட். நானும் அப்படித்தான் தடுமாறினேன். தட்டில் இருந்த முட்டையையும் பனீரையும் கிராம் கணக்கில் எடைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே தவிர, டம்ளரில் இருந்ததை மூன்று வாரம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரண்டுக்கும் மாற்று வழிகள் பல உண்டு. அவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதை எண்களை முன்னால் வைத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் டம்ளரின் கணக்கு. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ், அதாவது பாலுக்கே உரிய சர்க்கரை, இருக்கிறது. வழக்கமான வீட்டுக் காபி ஒன்றுக்கு 100 மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் என்று வைத்துக்கொண்டால், பாலிலிருந்து 5 கிராம், சர்க்கரையிலிருந்து 8 கிராம், ஆக 13 கிராம் மாவுச்சத்து. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்றால் 39 கிராம். இந்த உணவுமுறையில் ஒரு நாளைக்கு அனுமதிக்கப்படும் மாவுச்சத்து, அவரவர் பின்பற்றும் கண்டிப்பைப் பொறுத்து, 20 முதல் 50 கிராம் வரைதான். கத்தரிக்காய், வெண்டைக்காய், கீரை, தக்காளி, ஒரு கைப்பிடி பாதாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கிய அளவு அது. மூன்று டம்ளர் காபி அந்த இடத்தில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ அடைத்துக்கொள்கிறது. அலுவலகங்களில் இயந்திரத்திலிருந்து வரும் காபியின் நிலை இதைவிட மோசம். அதில் போடும் கலவைத் தூளில் சர்க்கரை முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருப்பதால், “சர்க்கரை வேண்டாம்” என்று சொல்வதற்கே அங்கு வழியில்லை.

பலர் எடுக்கும் முதல் நடவடிக்கை, சர்க்கரையை நிறுத்திவிட்டு, சமன்படுத்திய பாலிலிருந்து கொழுப்பு நிறைந்த பாலுக்கு மாறுவது. சர்க்கரையை நிறுத்தியது பெரிய காரியம். அந்த ஒரு முடிவில் மட்டும் நாளுக்கு 24 கிராம் குறைகிறது. ஆனால் பாலை மாற்றியதால் மாவுச்சத்துக் கணக்கில் ஏதும் மாறவில்லை. 3 விழுக்காடு கொழுப்புள்ள பாலாக இருந்தாலும், 6 விழுக்காடு கொழுப்புள்ள பாலாக இருந்தாலும், லாக்டோஸ் கிட்டத்தட்ட அதே 5 கிராம்தான். கொழுப்பு கூடுகிறது, காபி திடமாகிறது, பசி சற்றுத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். நாளுக்கு ஒரே ஒரு காபி குடிப்பவருக்கு இந்த வழி போதும் என்பது என் கருத்து. மூன்று குடிப்பவருக்கு லாக்டோஸ் மட்டுமே 15 கிராம் ஆகிவிடுவதால் போதாது.

அடுத்த வழி, பாலின் இடத்தில் க்ரீம். கடைகளில் கிடைக்கும் 25 விழுக்காடு கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமில், ஒரு காபிக்கு வேண்டிய 30 மில்லியில் மாவுச்சத்து ஏறக்குறைய 1 கிராம், கொழுப்பு ஏழரை கிராம். மூன்று காபிக்கும் சேர்த்து 3 கிராம்தான். நம் நாக்குக்குப் பழகிய சுவைக்கு மிக அருகில் வருவதும் இந்த வழிதான். ஆனால் கலக்கும் முறை தெரியாமல் முதல் நாளே கைவிடுகிறவர்கள் அதிகம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த க்ரீமை அப்படியே சூடான டிகாக்‌ஷனில் கொட்டினால், அது திரிந்து வெள்ளைத் திட்டுகளாக மேலே மிதக்கும். பார்த்ததுமே குடிக்கும் ஆசை போய்விடும். அரை டம்ளருக்கும் சற்றுக் குறைவான தண்ணீரைச் சூடாக்கி, அதில் க்ரீமைச் சேர்த்து, கொதி வருவதற்கு முன்பே இறக்கி, அதன்மேல் முதல் டிகாக்‌ஷனை மெல்ல ஊற்றி, டபராவில் இரண்டு முறை ஆற்றினால், நுரை கட்டி நிற்கும் காபி கிடைக்கும். டிகாக்‌ஷன் கெட்டியாக இருப்பது முக்கியம். இரண்டாம் முறை இறக்கிய தண்ணீர் டிகாக்‌ஷனுக்கு இந்தக் கலவை தாங்காது. வீட்டில் காய்ச்சும் பாலிலிருந்து எடுத்துச் சேர்த்த ஆடையையும் இப்படிப் பயன்படுத்தலாம். செலவு இல்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் ஆடையோடு எவ்வளவு பாலும் சேர்ந்து வருகிறது என்பது நாளுக்கு நாள் மாறுவதால் கணக்கு துல்லியமாக இராது. ஆடை திப்பிதிப்பியாக மிதக்காமல் இருக்க மிக்ஸியில் ஒரு சுற்று அடித்துக்கொள்ள வேண்டும்.

தேங்காய்ப்பாலைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. பால் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் திக்கான முதல் பால் நல்ல தேர்வு. மற்றவர்களுக்குக் காபியின் மணத்தைத் தேங்காய் மணம் மூடிவிடுகிறது.

பாலும் சர்க்கரையும் சேர்க்காத கடுங்காபியில் மாவுச்சத்துக்கான கணக்கே கிட்டத்தட்ட இல்லை. வெளியூர்ப் பயணத்தில், விமான நிலையத்தில், அலுவலகக் கூட்டத்தில் என்று எங்கும் கேட்டு வாங்க முடிகிற ஒரே வழியும் அதுதான். அதன் கசப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள், நம் வீட்டுத் தூளையே பாலில்லாமல் குடித்துப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வருகிறார்கள். எழுபதுக்கு முப்பது, அறுபதுக்கு நாற்பது என்று சிக்கரி கலந்த தூள் பாலுக்காகவே உருவானது. நிறத்தையும் திடத்தையும் தருவதற்காகச் சிக்கரி சேர்க்கப்படுகிறது. பால் இல்லாதபோது அந்தத் திடமே கசப்பாகத் தெரிகிறது. சிக்கரி கலக்காத, மிதமாக வறுத்த அராபிகா அல்லது பீபெர்ரித் தூளை வாங்கி, டிகாக்‌ஷனில் வெந்நீர் கலந்து, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துப் பாருங்கள். உப்பு கசப்பை மட்டுப்படுத்தும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிக்கரியில் காஃபின் கிடையாது. அறுபதுக்கு நாற்பது கலவையிலிருந்து முழுக் காபித் தூளுக்கு மாறுகிறவர் அதே அளவு தூளைப் போட்டால், தனக்குத் தெரியாமலேயே முன்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் காஃபின் உட்கொள்கிறார். ரொபஸ்டா கலந்த தூளாக இருந்தால் இன்னும் கூடும், ஏனெனில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் அதில் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கருவுற்றிருக்கும் பெண்களுக்கு 200 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வரையறுத்த வரம்பை நினைவில் வைத்துக்கொண்டு, தூளின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

இனி, இந்த உணவுமுறையின் அடையாளமாகவே ஆகிவிட்ட வெண்ணெய்க் காபி. திபெத்தில் யாக் மாட்டு வெண்ணெய் கலந்த தேநீரைக் குடித்த டேவ் ஆஸ்ப்ரே என்ற அமெரிக்கர் அதைக் காபிக்கு மாற்றிப் பிரபலப்படுத்தினார். நம் ஊரில் அது நெய்க் காபியாகவும் தேங்காய் எண்ணெய்க் காபியாகவும் வேர்விட்டது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஏறத்தாழ 100 கலோரி. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120. இரண்டும் சேர்ந்த ஒரு டம்ளர் 220 கலோரி கொண்ட ஓர் உணவு. அதைக் காலை உணவுக்குப் பதிலாகக் குடித்தால் மதியம் வரை பசிக்காது என்பதை என் அனுபவத்திலும் கண்டேன். காலை உணவோடு சேர்த்துக் குடித்துவிட்டு “எடை குறைவது நின்றுவிட்டது” என்று வருந்துகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த டம்ளரில் புரதம் இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். ஏறக்குறைய அதே கலோரிக்கு மூன்று முட்டை சாப்பிட்டால் 18 கிராம் புரதம் கிடைக்கிறது. எடை குறைப்பதே நோக்கம் என்றால் மூன்று முட்டையும் ஒரு கடுங்காபியும்தான் என் தேர்வு. காலையில் எதையும் மெல்ல முடியாதவர்கள், அதிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஆகியோருக்கு நெய்க் காபி உதவும். அதையும் கரண்டியால் கலக்கினால் எண்ணெய் மேலேயே மிதந்து உதட்டில் படியும். மிக்ஸியில் அடித்தால்தான் பால் காபியைப் போல் வரும். சூடான திரவத்தைச் சிறிய ஜாடியில் நிறைய ஊற்றி அடிக்கும்போது ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும். ஒருமுறை என் புறங்கையில் கொப்புளம் போட்ட பிறகு, பெரிய ஜாடியில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.

வெண்ணெய்க் காபியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த உணவுமுறையில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கணிசமாக ஏறுகிறது. வடிகட்டாத காபியில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருளும் எல்டிஎல்லை ஏற்றக்கூடியது. காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். துளையிட்ட உலோக ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. ஆகவே தொடங்கும் முன் ஒரு முறையும் மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்து, எண் ஏறியிருந்தால் வெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் காபியிலிருந்து எடுத்துவிட்டு, காகித வடிகட்டிக்கு மாறி, மீண்டும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் காட்டாமல் “பேலியோவில் ஏறுவது சகஜம்” என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவுக்குப் பதிலாகக் காபியையே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். தூக்கம் கெடுகிறவர்கள், நெஞ்சு படபடப்பவர்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் எப்போது விடுவது என்பது முக்கியம். காபியைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, சிலருக்கு ஒரு வாரம் வரைகூட நீடிக்கும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதாலும் தலைவலியும் சோர்வும் வரும். இரண்டையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குகிறவருக்கு எந்தத் தலைவலி எதனால் என்று தெரியாது. வியாழக்கிழமை உணவுமுறையையே விட்டுவிடுவார். முதல் மாதம் காபியை நிறுத்தாதீர்கள், அதில் சேர்ப்பதை மட்டும் மாற்றுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். விட விரும்புகிறவர்கள் அதன்பின் வாரத்துக்கு அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

இனிப்பின் கேள்வி

காபிக்கும் சாக்லேட்டுக்கும் பொதுவான முடிவு ஒன்று உண்டு: நாக்குக்கு இனிப்பை வேறு வடிவில் தொடர்ந்து கொடுப்பதா, அல்லது இனிப்பில்லாமல் பழக்குவதா என்பது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அவற்றில் சிறிதளவு தாதுக்கள் இருந்தாலும், இந்த உணவுமுறையின் கணக்கில் அவையும் சர்க்கரைதான். கருப்பட்டிக் காபி குடித்துக்கொண்டே பேலியோவில் இருப்பதாகச் சொல்வது உடலுக்குத் தெரியாது.

சீனித்துளசி (ஸ்டீவியா), சுக்ரலோஸ், எரித்ரிட்டால் ஆகிய மூன்று இனிப்பூட்டிகளும் மாவுச்சத்துக் கணக்கில் ஏறாதவை. சீனித்துளசியின் பின்கசப்பு காபியின் கசப்போடு சேரும்போது பலருக்குப் பிடிப்பதில்லை. சுக்ரலோஸைத் தூளாக வாங்கினால், அதைத் தூளாக நிற்கவைப்பதற்குச் சேர்க்கும் மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ மாவுச்சத்துதான் என்பதால், மாத்திரையாகவோ சொட்டாகவோ வாங்குவது மேல். எரித்ரிட்டால் சுவையில் சர்க்கரைக்கு நெருக்கமானது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு அதிகமிருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை என்றாலும், இதய நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் அந்தப் பரிந்துரையில் அடங்கமாட்டார்கள்.

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். சுக்ரலோஸ் சொட்டோடு இருந்த ஐந்து மாதமும் சாக்லேட்டின் மேல் இருந்த ஏக்கம் குறையவே இல்லை. சொட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய மூன்றாவது வாரத்தில், க்ரீமிலேயே மெல்லிய இனிப்பு இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லமாட்டேன். என்றாலும் இனிப்பூட்டியை ஓரிரு மாதத்துக்கான ஊன்றுகோலாக வைத்துக்கொள்வதும், அதை நிறுத்தும் தேதியை முன்பே குறித்துக்கொள்வதும் நல்லது என்றே கருதுகிறேன்.

சாக்லேட்டைத் தேர்ந்தெடுத்தல்

உறையின் மேல் அச்சிட்டிருக்கும் விழுக்காடு, கோகோ வெண்ணெயையும் சேர்த்து அந்தக் கட்டியில் கோகோவிலிருந்து வந்த பங்கைக் குறிக்கிறது. பால் கலக்காத கருப்புச் சாக்லேட்டில் மீதியில் பெரும்பகுதி சர்க்கரைதான். எனவே 70 விழுக்காட்டுச் சாக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம், 85-இல் 15 கிராமுக்குச் சற்று முன்பின்னாக, 90-இல் 7 முதல் 10 கிராம் என்ற அளவில் சர்க்கரை இருக்கும். பால் சாக்லேட்டில் பாதிக்கு மேல் சர்க்கரை. இப்போது 10 கிராம் எடையுள்ள ஒரு பெரிய சதுரத்தை எடுத்துக்கொண்டால், 85 விழுக்காட்டில் சர்க்கரை ஒன்றரை கிராம். பால் சாக்லேட்டில் 5 கிராமுக்கு மேல். எண்களின் வேறுபாட்டைவிட முக்கியமானது, 85 விழுக்காட்டுச் சாக்லேட்டில் இரண்டு சதுரத்துக்குப் பின் கை தானாக நிற்கிறது என்பது. பால் சாக்லேட்டில் அப்படி நிற்பதில்லை, உறை காலியாகும்வரை.

70-இலிருந்து தொடங்கி 85-க்குப் போகலாமா, நேராக 85-இலேயே தொடங்கலாமா? இனிப்பூட்டியை நிறுத்தாதவருக்கு 85 மண் போலத் தோன்றும். நிறுத்திவிட்டவருக்கு ஒரு மாதத்தில் 70-ஏ தித்திப்பாகப் படும். ஆகவே முதலில் காபியில் இனிப்பை நிறுத்திவிட்டு, பிறகு சாக்லேட்டுக்கு வாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாக்லேட்டை உடனே மென்றால் கசப்பு மட்டுமே தெரியும். அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மெல்லாமல் நாக்கில் கரையவிட வேண்டும். கோகோ வெண்ணெய் உடல் வெப்பத்தில் உருகுவது; அது உருகிய பிறகுதான் மணமே மேலெழும்.

‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பெயரில் விற்கப்படும் சாக்லேட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றுள் பலவற்றில் இருக்கும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி, சர்க்கரையளவுக்கு இல்லாவிட்டாலும், ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்கிறது. அளவு கூடினால் வயிறு உப்பி, பேதியும் ஆகும். வாங்கத்தான் வேண்டும் என்றால் சேர்மானப் பட்டியலில் மால்டிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். மலைவாசத் தலங்களில் ‘ஹோம்மேட்’ என்று எடைபோட்டு விற்கப்படுபவற்றில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பும், அதோடு தாராளமான சர்க்கரையும் சேர்ந்த கலவைக் கட்டிகளே மிகுதி. அவை ‘டார்க்’ என்று சொல்லப்பட்டாலும் நிறத்தால்தான் கருப்பு.

வீட்டிலேயே செய்துகொள்வது மூன்றாவது வழி. இனிப்புச் சேர்க்காத கோகோ தூள் இரண்டு மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ அதே அளவு, ஒரு சிட்டிகை உப்பு, உடைத்த பாதாம் சிறிது. கலந்து தட்டில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் இறுகும். கோகோ தூளின் மாவுச்சத்தில் பாதிக்கு மேல் நார்ச்சத்து என்பதால் கணக்கு சாதகமாகவே இருக்கும். தேங்காய் எண்ணெயில் செய்தது நம் வெயிலில் விரலிலேயே உருகி வழியும். குளிர்பெட்டியை விட்டு வெளியே எடுத்துப்போக முடியாது. கடையில் டிரிங்கிங் சாக்லேட் என்று விற்பதைக் கோகோ தூள் என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம், அதில் சர்க்கரை நிறைய உண்டு.

கருப்புச் சாக்லேட் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்றும் கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2022-இல் 28 கருப்புச் சாக்லேட்டுகளைச் சோதித்தபோது, அவற்றுள் 23-இல் நாள்தோறும் ஏறத்தாழ 28 கிராம் சாப்பிட்டாலே கவலைக்குரியதாகும் அளவில் நச்சு உலோகங்களான ஈயமோ காட்மியமோ இருந்தது. அதனால் நாளுக்கு 10 முதல் 20 கிராம், வாரத்தில் நான்கு நாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இதை ‘ஆரோக்கியமான சாக்லேட்’ என்று தினமும் கொடுப்பதில்லை.

முற்றாக விட்டுவிடுவது எளிதான மனிதர்களும் இருக்கிறார்கள். ஒரு சதுரம் சாப்பிட்டால் அது ஒரு கட்டியில்தான் முடியும் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர், 90 விழுக்காடு வாங்கி வைத்துத் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு சதுரம் சாப்பிடுவது, இரவு பத்து மணிக்குப் பசியோடு பெட்டியைத் திறப்பதைவிடப் பாதுகாப்பானது. கருப்புச் சாக்லேட்டிலும் கொஞ்சம் காஃபின் இருப்பதால் தூக்கத்துக்கும் மதியமே நல்லது.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மேலே சொன்ன எதையும் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. நாளுக்கு 39 கிராம் மாவுச்சத்துத் தந்துகொண்டிருந்த காபி ஒரே நாளில் 3 கிராமாகும்போது, பழைய அளவு மருந்து ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளோடு இந்த உணவுமுறை சேரும்போது ரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும்போது, “இதற்குத்தானே சாக்லேட்” என்று அதை எடுப்பது தவறு. சாக்லேட்டின் கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்கென 15 கிராம் குளுக்கோஸோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ தனியாகக் கைப்பையில் இருக்க வேண்டும்.

இனி மிஞ்சுவது உறவினர் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பால் அடுப்பில் ஏறிவிடுகிற வீடுகளில், “நான் காபி குடிப்பதில்லை” என்ற சொல் வீட்டுக்காரர்களுக்கு வருத்தம் தருகிறது. கடுங்காபி கேட்டால், வீட்டில் பால் இல்லையென்று நினைத்துவிட்டாயா என்கிறார்கள். இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு, “சர்க்கரை இல்லாமல் அரை டம்ளர்” என்று கேட்கும் வழிக்கு வந்திருக்கிறேன். அதில் மாவுச்சத்து இரண்டரை கிராம்தான். அன்று இரவு பொரியலில் வெங்காயத்தைக் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம். முதல் இரண்டு முறை “இதென்ன, மருந்தா?” என்று கேட்ட என் அத்தை, இப்போதெல்லாம் டபராவையே எடுப்பதில்லை, அரை டம்ளரை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்கிறார்.